அளவை விடாமல் எடுப்பது யார்? – துருவக் கண்காணிப்பு சொல்லும் பாடம்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் அறிவியல் அறை அலமாரியைச் சுத்தம் செய்தபோது, பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. அட்டையில் ‘மழைப் பதிவேடு’ என்று அழகான கையெழுத்து. உள்ளே தேதி, நேரம், மழை அளவு, குறிப்பெடுத்த மாணவர் பெயர் என நான்கு கட்டங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்த பிள்ளைகள் வந்து எடுத்திருக்கிறார்கள். மழை இல்லாத நாளில்கூட ‘0’ என்று எழுதத் தவறவில்லை. நான்கு ஆண்டுகள் இப்படிப் போன பதிவு, ஐந்தாம் ஆண்டு ஜூன் மாதத்தில் நின்றுவிட்டது. விசாரித்தேன். அதைத் தொடங்கி நடத்திய ஆசிரியர் அந்த ஆண்டு மாறுதலில் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் யாரும் மழைமானியைப் பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “சார், அப்போ பெஞ்ச மழையைவிட இப்போ கம்மியா, ஜாஸ்தியா?”

என்னிடம் பதில் இல்லை. முதல் நான்கு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. இந்த ஆண்டு வேண்டுமானால் அளந்துகொள்ளலாம். நடுவில் பெய்த மழை பெய்தது பெய்ததுதான். எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் போன ஆண்டின் மழையை இனி நம் பள்ளி முற்றத்தில் அளக்க முடியாது.

சுற்றுச்சூழல் பாடம் நடத்தும்போது புவி வெப்பமாதல், ஓசோன் குறைவு, பனி உருகுதல் ஆகியவற்றை முடிவுகளாகச் சொல்லிவிடுகிறோம். அந்த முடிவுகள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்குப் பின்னால் எத்தனை ஆண்டு விடாத உழைப்பு இருக்கிறது, அந்த உழைப்பை ஒரு நாடு எப்படிக் கட்டிக்காக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லித்தர பூமியின் இரு துருவங்களையும்விடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஒரு நிலையமும் அதன் அக்டோபர் மாதங்களும்

1956ஆம் ஆண்டு ஜனவரியில், பிரிட்டனைச் சேர்ந்த ஒரு குழு அண்டார்க்டிகாவின் கரையோரப் பனித்தட்டு ஒன்றின்மேல் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. அதன் பெயர் ஹாலி. 1957–58இல் உலக நாடுகள் சேர்ந்து நடத்திய பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டுக்கான தயாரிப்பு அது. அங்கே செய்த பல அளவீடுகளுள் ஒன்று, தலைக்குமேல் உள்ள காற்று மண்டலத்தில் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்பது. பயன்படுத்தியது டாப்சன் கருவி. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் சில அலைநீளங்களை ஓசோன் அதிகமாக உட்கொள்ளும். சிலவற்றைக் குறைவாக உட்கொள்ளும். அவ்விரண்டையும் ஒப்பிட்டு ஓசோனின் அளவைக் கணக்கிடுவதே அக்கருவியின் வேலை.

அளவின் அலகையும் மாணவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். நம் தலைக்குமேல் உள்ள ஓசோன் முழுவதையும் கீழே இறக்கி, கடல் மட்டக் காற்றழுத்தத்தில், 0 டிகிரி செல்சியஸில் ஓர் அடுக்காகப் பரப்பினால் அதன் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கும். இதையே 300 டாப்சன் அலகு என்கிறோம். அளவுகோலில் மூன்று சிறு கோடுகளைக் காட்டிச் சொன்னால் பிள்ளைகள் வியந்துபோவார்கள். சூரியனின் கேடு தரும் கதிர்களிலிருந்து உயிர்களைக் காப்பது அவ்வளவு மெல்லிய அடுக்குதான்.

ஹாலியில் குளிர்காலத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. வசந்தம் வந்து சூரியன் திரும்பியதும் அளவீடு மீண்டும் தொடங்கும். ஆண்டுதோறும் அக்டோபர் மாதச் சராசரியைக் குறித்தார்கள். 1950களிலும் 60களிலும் அது 300 அலகை ஒட்டியே இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு சற்றே ஏறும், சற்றே இறங்கும். செய்தி என்று சொல்ல ஒன்றுமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கருவி, ஒரே இடம், ஏறத்தாழ ஒரே எண். ‘இதை ஏன் இன்னும் அளந்துகொண்டிருக்கிறீர்கள்?’ என்று யாராவது கேட்டிருந்தால், உடனே எடுத்துக்காட்ட அவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

1970களின் பிற்பகுதியில் எண்கள் இறங்கத் தொடங்கின. அளவீடுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜோசப் ஃபார்மன் உடனே ஊரைக் கூட்டவில்லை. கருவி பழசாகிவிட்டதோ என்றுதான் முதலில் ஐயப்பட்டார். புதிய கருவி அனுப்பப்பட்டது. அதுவும் குறைவையே காட்டியது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் பிரிட்டன் நடத்திய இன்னொரு அண்டார்க்டிக நிலையத்தின் பதிவேட்டைப் பார்த்தார்கள். அங்கும் இறக்கம் தெரிந்தது. அதன்பிறகே 1985 மே மாதம், ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் ‘நேச்சர்’ ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். 300ஐ ஒட்டியிருந்த அக்டோபர் அளவு, 1984இல் ஏறத்தாழ 200 அலகுக்கு வந்திருந்தது. செயற்கைக்கோள் பதிவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, இந்தக் குறைவு ஒரு நிலையத்தோடு நிற்காமல் அண்டார்க்டிகா முழுவதன்மேலும் விரிந்திருப்பது தெரிந்தது.

அடுத்து நடந்தது நம் பாடநூல்களில் உள்ளது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்களே காரணம் என்று உறுதியாயிற்று. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாம் ஆண்டுதோறும் பள்ளிகளில் ஓசோன் நாள் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான். கட்டுரை வந்த இரண்டே ஆண்டுகளில் உலக நாடுகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அந்த வேகம் சாத்தியமானது, அதற்கு முன்பு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் யாரோ சலிக்காமல் எண்களைக் குறித்துவைத்ததால்தான். 1957 முதல் 1970 வரையிலான பதிவு இல்லாமல் 1980இல் புதிதாக அளக்கத் தொடங்கியிருந்தால், ‘அண்டார்க்டிகாவில் ஓசோன் இயல்பாகவே குறைவு போலும்’ என்று முடிவுகட்டியிருக்கவும் கூடும்.

மாணவர்களிடம் அடிக்கடி காணும் இரு குழப்பங்களை இங்கே தீர்த்துவிடலாம். ஒன்று, ‘ஓசோன் துளை’ என்பது உண்மையில் ஓட்டை இல்லை. ஓசோன் மிகவும் குறைந்துபோன பகுதி. 220 அலகுக்குக் கீழே இறங்கிய பரப்பையே துளை என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு, ஓசோன் துளையும் புவி வெப்பமாதலும் வேறுவேறு. ஒன்றின் காரணத்தை மற்றொன்றுக்குச் சொல்லக்கூடாது.

துருவத்தில் ஏன் அளக்க வேண்டும்?

குளோரோஃபுளோரோ கார்பனை வெளியிட்ட தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை வடகோளத்தில் இருந்தன. விளைவு தெரிந்தது தென் கோடியில். அண்டார்க்டிகாவின் குளிர்காலத்தில் மேல்வளிமண்டலம் கடுங்குளிராகி, அங்கே பனித்துகள் மேகங்கள் உருவாகின்றன. அந்தத் துகள்களின் பரப்பில் குளோரின் சேர்மங்கள் வேகமாக வினைபுரியும் வடிவுக்கு மாறிக் காத்திருக்கின்றன. வசந்தச் சூரியன் பட்டதும் ஓசோனை அழிக்கத் தொடங்குகின்றன. உலகெங்கும் மெல்ல நடப்பது துருவத்தில் பளிச்சென்று தெரிகிறது.

வடதுருவத்திலும் இதே நிலைதான். ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பமாகி வருகிறது. வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். பனி உருகிக் கருநீலக் கடல் வெளிப்பட்டால், அது ஒளியை உள்வாங்கிச் சூடாகும்; அதனால் மேலும் பனி உருகும். ஆர்க்டிக் கடற்பனியைச் செயற்கைக்கோள்கள் 1970களின் இறுதியிலிருந்து தொடர்ந்து அளக்கின்றன. 2012 செப்டம்பரில் அதன் பரப்பு ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவு. அந்த ஓர் எண்ணை மட்டும் சொன்னால் பொருள் இல்லை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளின் எண்கள் அருகில் இருப்பதால்தான் அது குறைவு என்றே நமக்குத் தெரிகிறது.

ஒருவரால் ஆகாத வேலை

துருவப் பயணம் என்றால் கொடி நடுவது, முதலில் சென்றடைவது என்றிருந்த 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் மாற்றுக் கருத்து சொன்னார். அவர் ஆஸ்திரிய–ஹங்கேரியக் கடற்படை அதிகாரி கார்ல் வெய்பிரெக்ட். 1872 முதல் 1874 வரை ஆர்க்டிக் பனியில் கப்பலோடு சிக்கித் தவித்து மீண்டவர். நாடுகள் தனித்தனியே போட்டி போட்டுக்கொண்டு போவதால் அறிவியலுக்குப் பெரிய பயனில்லை. பல இடங்களில், ஒரே காலத்தில், ஒரே முறையில் அளவெடுத்தால்தான் பயன் என்பது அவர் வாதம். 1881இல் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே, 1882–83இல், பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டை நடத்தின. ஹாலி நிலையத்துக்குக் காரணமான 1957–58 முயற்சியும் அதன் வழிவந்ததே.

ஓராண்டு கூட்டு முயற்சி ஒரு தொடக்கம். பல பத்தாண்டுகள் தொடர வேண்டுமென்றால் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒரு பொறுப்பான அமைப்பு வேண்டும். எதை அளப்பது, எந்தக் கருவியால், எந்த நேரத்தில் என்று அது முடிவு செய்ய வேண்டும். கருவியை மாற்றும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அளவெடுப்பவர் ஊர் திரும்பினால் அடுத்தவர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். எடுத்த எண்களை ஒருவரின் மேசை அறையில் விட்டுவிடாமல் பொதுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். அண்டார்க்டிகாவில் இன்னொரு கடமையும் உண்டு. 1959இல் கையெழுத்தான அண்டார்க்டிக் உடன்படிக்கையின்படி, அங்கே எடுக்கும் அறிவியல் பதிவுகளை நாடுகள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இந்தியா செய்வது என்ன?

முதல் இந்திய அண்டார்க்டிகப் பயணக் குழு சையத் ஜகூர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டது. 21 பேர் கொண்ட அக்குழு 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால்வைத்தது. அடுத்து வந்த பயணங்களின்போது ‘தட்சிண கங்கோத்ரி’ என்ற முதல் நிலையம் பனித்தட்டின்மேல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அது பனியில் புதையத் தொடங்கியதால் கைவிட நேர்ந்தது. 1989இல் ‘மைத்ரி’ நிலையம் ஷிர்மாகர் என்ற பாறைப் பகுதியில் அமைந்தது. 2012இல் ‘பாரதி’ நிலையம் லார்ஸ்மான் குன்றுகளில் தொடங்கப்பட்டது. இவ்விரண்டும் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. வடக்கே ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் நி-ஓலெசுன் என்ற இடத்தில் 2008 முதல் ‘ஹிமாத்ரி’ செயல்படுகிறது. 2023 டிசம்பரில் அங்கே முதல் குளிர்காலக் குழுவும் சென்றது. அதாவது, சூரியனே தெரியாத மாதங்களின் பதிவும் நமக்குக் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. இமயத்தில் ஸ்பிதி பகுதியில் 2016இல் ‘ஹிமான்ஷ்’ நிலையம் வந்தது.

இவற்றை ஒருங்கிணைப்பது புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் கோவாவில் இயங்கும் தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம். 1998இல் தொடங்கப்பட்டது. அறிவியல் வேலை முழுவதையும் அந்த மையமே செய்வதில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். வானிலையையும் ஓசோனையும் அளப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை. பனியாறுகளைக் கவனிப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. புவிக்காந்தப் புலத்தைப் பதிவுசெய்வது இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம். இவைபோலப் பல நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தத்தம் ஆய்வுத் திட்டங்களை அனுப்புகின்றன. அவற்றைத் தேர்ந்து, கப்பலும் விமானமும் ஏற்பாடு செய்து, உணவும் எரிபொருளும் கொண்டுசேர்த்து, குழுக்களுக்குப் பயிற்சி தந்து, கிடைத்த பதிவுகளைத் தேசியத் துருவத் தரவு மையத்தில் சேர்ப்பது கோவா மையத்தின் பணி. 2022இல் நிறைவேறிய இந்திய அண்டார்க்டிக் சட்டம் இப்பணிகளுக்குச் சட்ட வடிவம் தந்தது.

நம் மழைப் பதிவேட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மைத்ரியில் குளிர்காலம் தங்கும் குழு ஆண்டுதோறும் மாறுகிறது. அங்கே எல்லோருமே ‘மாறுதலில்’ போகிறவர்கள்தான். ஆனாலும் பதிவு நிற்பதில்லை. புதிய குழு வந்ததும் பழைய குழு பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புகிறது. பெருந்தொற்றால் உலகமே முடங்கிக் கிடந்த நேரத்தில், 2021 ஜனவரியில், 40ஆவது பயணக் குழு வழக்கத்தைவிடக் குறைந்த உறுப்பினர்களோடு கோவாவிலிருந்து புறப்பட்டது. அங்கே இருந்தவர்களை மீட்டுவர வேண்டும், நிலையத்துக்குப் பொருள் வேண்டும், பதிவும் அறுந்துபோகக் கூடாது.

சென்னையில் பிறந்த கடலடிக் கருவி

தமிழ்நாட்டு மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அந்நிறுவனமும் கோவா மையமும் சேர்ந்து ‘இண்டார்க்’ என்ற கடலடிக் கண்காணிப்பு அமைப்பை உருவாக்கின. 2014 ஜூலை 23 அன்று ஹிமாத்ரிக்கு அருகிலுள்ள கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில், 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அதை நிறுத்தினார்கள். அடியில் கனமான நங்கூரம், மேல்நோக்கி இழுக்கும் மிதவைகள், இடையே செங்குத்தாக நிற்கும் வடத்தில் வெவ்வேறு ஆழங்களில் கருவிகள். நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் முதலியவற்றை அவை ஆண்டு முழுவதும் குறித்துக்கொள்கின்றன. மேலே கடல் உறைந்தாலும், கப்பல் போக முடியாவிட்டாலும், கீழே பதிவு நடக்கும். பிறகு வெளியே எடுத்து, எண்களைப் பதிவிறக்கி, பழுது பார்த்து, மீண்டும் இறக்குவார்கள்.

அந்தக் கடற்கழிக்குள் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரும் பனியாறு உருகிய குளிர்நீரும் வந்து கலக்கின்றன. அந்தக் கலப்பு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது, ஆர்க்டிக் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்பது ஆய்வுக் கேள்வி. ஓரிரு ஆண்டு எண்களால் இதற்கு விடை வராது. நி-ஓலெசுனில் பத்து நாடுகளின் நிலையங்கள் இருக்கின்றன. ஒருவர் காற்றை அளக்க, ஒருவர் பனியாற்றை அளக்க, ஒருவர் கடலை அளக்க, எல்லாம் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

வகுப்பறையில்

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை: ‘ஒரே அளவு’ என்றால் என்ன?

ஐந்து குழந்தைகள் ஒரே மேசையைத் தத்தம் சாணால் அளக்கட்டும். ஐந்து விடைகள் வரும். “மேசை மாறியதா, சாண் மாறியதா?” என்று கேளுங்கள். பிறகு ஒரே அளவுகோலால் அளக்கச் செய்யுங்கள். அடுத்து, பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழலை ஒரு வாரம் ஒரே நேரத்தில் அளக்கட்டும். ஒரு நாள் மட்டும் வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் தள்ளி அளக்கச் சொல்லுங்கள். அந்த எண் ஏன் மற்றவற்றோடு சேரவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரே கருவி, ஒரே இடம், ஒரே நேரம் என்ற கருத்து இந்த வயதிலேயே மனதில் பதியும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: விடுபட்ட ஆண்டுகள்

கற்பனை நிலையம் ஒன்றின் பன்னிரண்டு ஆண்டு எண்களை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 30, 31, 29, 30, 30, 28, 29, 27, 28, 26, 25, 24. வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்.

முதல் குழுவுக்கு முதல் மூன்று ஆண்டு எண்களை மட்டும் கொடுங்கள். ‘ஏறி இறங்குகிறது, மாற்றம் இல்லை’ என்பார்கள்.

இரண்டாம் குழுவுக்கு முதல் மூன்றும் கடைசி மூன்றும் கொடுங்கள். ‘குறைந்திருக்கிறது’ என்பார்கள். எப்போது குறையத் தொடங்கியது என்று கேளுங்கள். விடை சொல்ல வழியில்லை. எங்கள் பள்ளி மழைப் பதிவேட்டின் நிலை இதுதான்.

மூன்றாம் குழுவுக்குப் பன்னிரண்டு ஆண்டும் கொடுங்கள். ஆனால் ஏழாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் எண்ணோடும் 3 கூட்டிக் கொடுங்கள்: 32, 30, 31, 29, 28, 27. ஏழாம் ஆண்டில் கருவியை மாற்றினார்கள் என்பதை இப்போது சொல்ல வேண்டாம்.

நான்காம் குழுவுக்குச் சரியான எண்கள் முழுவதையும் கொடுங்கள்.

மூன்றாம், நான்காம் குழுக்கள் முதல் ஆறாண்டுச் சராசரியையும் அடுத்த ஆறாண்டுச் சராசரியையும் கணக்கிடட்டும். நான்காம் குழுவுக்கு 29.7, 26.5 என்று வரும். இறக்கம் தெளிவாகத் தெரியும். மூன்றாம் குழுவுக்கு 29.7, 29.5 என்று வரும். இறக்கமே இல்லாததுபோலத் தோன்றும். இருவரும் தங்கள் விடையே சரி என்று வாதிடட்டும். பிறகு மூன்றாம் குழுவிடம் ஒரு சீட்டைக் கொடுங்கள். ‘ஏழாம் ஆண்டில் இரு கருவிகளையும் ஒரு மாதம் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புதியது எப்போதும் 3 கூடுதலாகக் காட்டியது.’ அவர்கள் தங்கள் எண்களைத் திருத்தி நான்காம் குழுவின் விடைக்கு வந்துசேர்வார்கள். அந்தச் சீட்டுதான் ஒருங்கிணைப்பின் பயன். அப்படி ஒரு சீட்டை எழுதிவைக்க யாரும் இல்லாவிட்டால், ஒரு பெரிய மாற்றம் நம் கண்ணெதிரே மறைந்துபோகும்.

ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும்: கலந்துரையாடல்

‘செயற்கைக்கோள்கள் இருக்கும்போது பனிக்கு நடுவே மனிதர் ஏன் தங்க வேண்டும்?’ என்ற கேள்வியை வையுங்கள். ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் குறைவு; ஒன்று ஓய்ந்து மற்றொன்று வரும்போது எண்கள் பொருந்த வேண்டும்; அதைச் சரிபார்க்கத் தரையில் நம்பகமான கருவி வேண்டும் என்ற கருத்துக்கு மாணவர்கள் வரட்டும். எதிர்த்தரப்புக்கும் வலுவான செய்தி உண்டு. ஹாலி நிலையம் அமைந்த பனித்தட்டில் விரிசல்கள் ஏற்பட்டதால் 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே யாரும் தங்குவதில்லை. தானியங்கிக் கருவிகளைக் கொண்டு அளவீடுகளைத் தொடர்கிறார்கள். மனிதர் இல்லாமலும் பதிவு நடக்கும்; ஆனால் அதைத் திட்டமிடவும் பழுது பார்க்கவும் பொறுப்பேற்கவும் ஓர் அமைப்பு வேண்டும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்: ஹாலியில் 1957 முதல் 1970 வரையிலான பதிவு இல்லாதிருந்தால் 1985இல் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? ஃபார்மன் கருவியைச் சந்தேகித்தது சரியா, காலதாமதமா? ‘0 மில்லிமீட்டர்’ என்று எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் என்ன வேறுபாடு?

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரி

2022இல் வெளியான பன்னாட்டு மதிப்பீட்டின்படி, இன்றைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2066 ஆகும். இன்று நம் பள்ளியில் முதல் வகுப்பில் இருக்கும் குழந்தை அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். மருந்து வேலை செய்கிறதா என்று அதுவரை யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு காலம் ஒரே ஆள் பணியில் இருக்க முடியாது.

எங்கள் பள்ளியில் மழைப் பதிவேட்டை மறுபடி தொடங்கிவிட்டோம். பழைய நோட்டில் முன்பு நின்ற இடத்துக்கு அடுத்த பக்கத்தில், ‘இடையில் பதிவு இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுத்தான் தொடங்கினோம். விடுபட்டதை மறைக்காமல் எழுதிவைப்பதும் பதிவின் ஒரு பகுதியே. நேர்ச்சுவருள்ள நெகிழிப் புட்டியின் மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து வைத்தாலே எளிய மழைமானி தயார். அடிப்பகுதி வளைந்திருந்தால் கூழாங்கல்லும் நீரும் நிரப்பி, நேர்ச்சுவர் தொடங்கும் இடத்தைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ளலாம். கட்டடத்தின் உயரத்தைப்போல இரு மடங்கு தூரமாவது தள்ளித் திறந்த வெளியில் வைக்க வேண்டும். பழைய மழைமானி மாடியில் இருந்தது. புதியது தரையில் இருக்கிறது. அதையும் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதியிருக்கிறோம்.

இந்த முறை இன்னும் இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். ஒவ்வொரு மாதமும் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவரும் சேர்ந்து அளவெடுக்கிறார்கள். பெரியவர் அடுத்த ஆண்டு பள்ளியை விட்டுப் போனாலும் சிறியவருக்கு முறை தெரிந்திருக்கும். மாறுதலில் போகும் ஆசிரியர் மேசை, நாற்காலி, நூலகப் புத்தகம், ஆய்வகப் பொருள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறோம் அல்லவா? அந்தப் பட்டியலில் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு ஒரு வரி சேர்த்தோம்: ‘மழைப் பதிவேடு – 1, மழைமானி – 1, பொறுப்பு மாணவர்கள் – 2’.

அந்த மாணவி கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் விடை இல்லை. அவளும் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். ஆனால் பதிவேட்டின் இந்த ஆண்டு முதல் பக்கத்தில், பெயர்க் கட்டத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்து தொடர்கிறது.